புஸ்வாணத்தின் மேல் போட்ட பழி

யூசுப் பாய் பரோட்டாக் கடையில் சாயங்காலம் முதல் பரோட்டா பொரிந்து எழுந்ததும் அதை யாருக்கும் விற்க மாட்டார்கள். முன்மேசையில், ரோட்டைப் பார்த்த நாற்காலியில் முகம்மது யூசுப் வந்து உட்காருவார். வாழையிலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றிப் பிசைந்து, வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கத் தின்பார். அவர் இலையை மடித்த பிறகுதான் வியாபாரம். அவருடைய அத்தா காலத்தில் எவனோ ஒருத்தன் இந்தக் கடையில் எண்ணெய் சரியில்லை என்று கிளப்பிவிட்டானாம். அத்தாவுக்கு வந்த கோபத்தில் ஊர் பார்க்க உட்கார்ந்து தின்று காட்டினார். ஒருநாள் கோபம், அதுவே கடைக்குச் சட்டமாகிவிட்டது. விருதுநகரில் எண்ணெய் பரோட்டாக் கடைக்கா பஞ்சம்? ஆனால் முதலாளியே முதலில் தின்கிற கடை இது ஒன்றுதான் என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சில்தான் அவர் மனைவி சித்திகாவின் அடுப்பில் உலை கொதித்தது.

அந்தப் பரோட்டா உள்ளே போனதும் என்ன ஆகும் என்பது சித்திகாவுக்கு மட்டும்தான் தெரியும். கடைக்குப் பின்கட்டில்தான் வீடு. "சாமான் பாத்துட்டு வாறேன்" என்று பாண்டிராஜிடம் சொல்லிவிட்டு யூசுப் எழுந்து வருவார். பாண்டிராஜ்தான் கடையின் பரோட்டா மாஸ்டர். முதலாளி சாமான் பார்க்கிற அக்கறையை அவன் மற்ற கடை மாஸ்டர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். செருப்புச் சத்தம் வருகிற வேகத்தை வைத்தே சித்திகா கக்கூஸ் கதவைத் திறந்துவைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். உள்ளே போகிறவர் வெளியே வர வெகுநேரம் ஆகும். வரும்போது முகம் வெளுத்திருக்கும். ரத்தமா என்று அவள் கண்ணால் கேட்பாள். அவர் கண்ணை மூடித் திறப்பார். அதுதான் பதில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இது முற்றிப்போய், மேலப்பாளையத்தில் ஒரு கல்யாணம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு இருவரும் மதுரைக்குப் போனார்கள். அங்கே குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடல் உள்பக்கம் முழுக்கப் புண்ணாகி வீங்கியிருக்கிறது, உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே குடலைத் தாக்குகிறது, இது சாப்பாட்டால் வந்ததில்லை, ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு ஒட்டவும் ஒட்டாது, ஆனால் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போது அவருடைய கெண்டைக்காலுக்கு முன்னால் சிவப்புச் சிவப்பாகக் கட்டிகள் கூட இருந்தன. தொட்டால் கத்துவார். சூட்டுக்கட்டி என்று நினைத்து டாக்டரிடம் சொல்லவே இல்லை. வயிற்றுக்கான மாத்திரையில் அதுவும் போய்விட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது யூசுப் மெல்லிய குரலில் சொன்னார்:

"இங்க பாரு சித்திகா. பாத்திரக்கடைக்காரனுக்கு வயித்துல கோளாறு வரலாம். ஜவுளிக்கடைக்காரனுக்கு வரலாம். பரோட்டாக் கடைக்காரனுக்கு வரக் கூடாது. வெளிய தெரிஞ்சுச்சு, பொளப்பு போச்சு. எனக்குச் சத்தியம் பண்ணு."

அவளும் பண்ணினாள். மாத்திரைகள் ஏலக்காய் டப்பாவுக்குள் போய் உட்கார்ந்தன. வயிறு கொஞ்சம் அமரிக்கையானதும், நல்லாத்தானே இருக்கு என்று அவராகவே மாத்திரையை நிறுத்திவிட்டார். பரோட்டாவை மட்டும் நிறுத்தவில்லை.

இந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால், வயிறு மறுபடியும் மோசமாகி, பட்டாசு சீசனும் சூடுபிடித்திருந்த நேரத்தில், கடை பெஞ்சின் விளிம்பில் இடது காலை இடித்துக்கொண்டார். சின்ன இடிதான். மறுநாள் அங்கே ஒரு பரு. அப்புறம் அது உடைந்து குழியானது. குழியின் ஓரம் கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஊதா நிறத்தில் எழும்பி நின்றது. கைலி உரசினாலே உயிர் போகிற வலி. அதனால் அவர் காலில் துணியைச் சுற்றி, கைலியைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார். அதுதான் தப்பாகப் போனது. கல்யாண வீட்டுக்குக் கூட முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு போகிற மனிதர் திடீரென்று கைலியை இறக்கிவிட்டால் கடைக்கு வருகிறவன் பரோட்டாவையா பார்ப்பான்?

முதலில் பார்த்தவர் வேலுச்சாமி. அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்து கலப்பதிலிருந்து வெடியை லோடு ஏற்றுவது வரைக்கும் அவர் பார்வையில்தான் நடக்கும். வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே யூசுப் கடைதான்.

"என்ன பாய், புதுமாப்பிள மாதிரி தளையத் தளையக் கட்டியிருக்கீக?"

"சும்மாத்தான் அண்ணாச்சி."

"சும்மா இல்லையே. காலத் தாங்கித் தாங்கி நடக்கீக." வேலுச்சாமி குனிந்து கைலியின் ஓரத்தை விரலால் தூக்கினார். துணி நழுவியிருந்தது. "ஆத்தாடி! தீக்காயம்ல இது? எந்தக் கம்பெனி வெடி?"

மற்ற ஊராக இருந்தால் பூச்சி கடித்ததா, சுகர் இருக்கிறதா என்று கேட்டிருப்பார்கள். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் காலில் புண் என்றால் அது தீதான். எப்படி என்று யாரும் கேட்க மாட்டார்கள், எந்தக் கம்பெனி என்றுதான் கேட்பார்கள். கேட்ட வாயோடு வேலுச்சாமிக்கு முகம் மாறியது. போன வாரம்தான் அவர் தன் கம்பெனியின் புதுப் புஸ்வாணத்தில் ஒன்றைச் சாம்பிளுக்குக் கொண்டுவந்து, கொளுத்திப் பாத்துச் சொல்லுங்க பாய் என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"பாய்... நான் குடுத்தேனே, அந்தப் புஸ்வாணமா?"

யூசுப் ஒரு நொடி யோசித்தார். உண்மையைச் சொல்ல முடியாது. எண்ணெய் தெறித்தது என்று சொன்னால், இம்புட்டு வருசமாக் கல்லுக்குப் பக்கத்துல நிக்கிறவனுக்கு நிக்கத் தெரியலையா என்று பாண்டிராஜே சிரிப்பான். மூன்றாவது பதிலை வேலுச்சாமி தாம்பாளத்தில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார். யூசுப்பின் தலை லேசாக இறங்கி ஏறியது. அவ்வளவுதான். வாயால் அவர் எதுவும் சொல்லவில்லை. பிற்பாடு சித்திகா கேட்கும்போதெல்லாம் "நான் ஒண்ணும் சொல்லலையே" என்று அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

வேலுச்சாமி அன்று சாப்பிடாமலே எழுந்துபோனார்.

நல்ல மனிதர், அதுதான் வினை. வேறு போர்மேனாக இருந்தால், நீங்க குனிஞ்சு பாத்திருப்பீக பாய் என்று பழியைத் திருப்பிவிட்டுப் போயிருப்பார். வேலுச்சாமி மறுநாளே அந்தப் புஸ்வாண லோடை நிறுத்திவைத்தார். லாரியில் ஏற்றியதைக் கூட இறக்கினார். சாயங்காலம் களிம்போடு வந்தார், அடுத்த நாள் பஞ்சுக்கட்டோடு வந்தார். புண் பெருகியதைப் பார்த்து, தீக்காயத்துக்கென்றே பேர்போன ஒரு டாக்டரிடம் தன் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பக்கத்து வெடிவிபத்தில் கருகினவர்களை எல்லாம் பார்த்த கை அது. அவர் புண்ணைப் பார்த்தார், போர்மேனைப் பார்த்தார். மற்றதெல்லாம் அவருக்கே புரிந்துவிட்டது.

"சுகர் இருக்கா?"

"இல்லங்க."

"பிரஷர்?"

"இல்லங்க."

"வேற ஏதாவது?"

"ஒண்ணும் இல்லங்க."

சித்திகாவும் பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. சத்தியத்துக்குப் பயந்து என்று சொல்லிவிட முடியாது. கால் டாக்டரிடம் வந்து வயிற்றுக் கதையை எதற்குச் சொல்ல வேண்டும் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. வயிறு வேறு, கால் வேறு. நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது!

"செத்த சதையச் சொரண்டி எடுத்தாத்தான் புதுச் சதை ஏறும்" என்று டாக்டர் சுரண்டினார். யூசுப் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த நோயாளி ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். சில நாளில் புண் இரண்டு மடங்கானது. "ஆழமான தீ" என்று சொல்லி மறுபடியும் சுரண்டினார்கள். அது இன்னும் விரிந்து எலும்பைப் பார்க்கத் தொடங்கியது. கடைசியில் டாக்டர், தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டிப் பார்க்கலாம், அதுவும் பிடிக்காமல் இப்படியே ஏறிக்கொண்டு போனால் காலைப் பற்றியே யோசிக்க வேண்டியிருக்கும் என்றார்.

காலைப் பற்றி யோசிப்பது என்றால் என்னவென்று சித்திகாவுக்குப் புரியாமல் இல்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யூசுப் மட்டும் சாயங்காலமானால் நொண்டிக்கொண்டே போய் முன்மேசையில் உட்கார்ந்து முதல் பரோட்டாவைத் தின்றுவிட்டு, நொண்டிக்கொண்டே பின்கட்டுக்கு ஓடிவந்தார். ஒரு காலோடு ஓடுவது லேசான காரியமில்லை.

இந்த நிலையில்தான் மாரித்தாய் வந்தாள்.

கையில் இரண்டு இளநீர், இடுப்பில் துணியில் சுற்றிய கற்றாழை மடல். கடை வழியாக வராமல் சந்து வழியாகப் பின்கட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றாள். நகக்கண்ணிலும் கைரேகையிலும் வெள்ளிப்பொடி ஏறிப்போயிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வெள்ளி.

"பாயம்மா, நான் அச்சங்குளத்துக் கம்பெனியில புஸ்வாணம் அடைக்கிறவ. மாரித்தாயி."

"உள்ள வா தாயி, ஏன் அங்கனயே நிக்க?"

"உள்ள வர மொகம் இல்ல பாயம்மா. என் கையாலதான் பாய் கால் இப்படிப் போச்சு." அவள் இளநீரைப் படியில் வைத்தாள். "வயசுக்கு வந்ததுல இருந்து மருந்து அடைக்கேன். ஒரு சிட்டிகை கூடாது, ஒரு சிட்டிகை குறையாது. அன்னைக்கு எப்படிக் கூடிப்போச்சுன்னு எனக்கே வெளங்கல. போர்மேன் அண்ணே, விசாரிச்சு முடியட்டும், அதுவரை வீட்ல இருன்னுட்டாரு. சீசன் நேரத்துல வீட்ல இருந்தா எப்படி? அதுகூடப் பரவால்ல பாயம்மா, என் கையே எனக்குத் துரோகம் பண்ணிருச்சேன்னுதான்..."

சித்திகா அவளுடைய கையையே பார்த்தாள்.

"பாய் மொகத்தப் பாத்து ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருறேன்."

கட்டிலில் படுத்திருந்த யூசுப்புக்கு எல்லாம் காதில் விழுந்தது. "அதெல்லாம் வேணாம்மா, நீ போ, உன் மேல ஒரு வருத்தமும் இல்ல" என்று உள்ளிருந்தே சத்தம் கொடுத்தார். கொடுத்த கையோடு வயிறு பிடித்துக்கொண்டது. கட்டிலை விட்டு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்கு ஓடினார். ஓடுகிறதை மாரித்தாய் பார்த்துவிட்டாள்.

"பாவம். வலி தாங்க மாட்டாம எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுதாக" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அவள் போனதும் சித்திகா கக்கூஸ் கதவுக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எங்கேயும் தப்பிப்போக முடியாத ஒரே இடத்தில் புருஷன் இருக்கும்போது பேசிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏங்க, அந்தப் பிள்ள பேசுனதக் கேட்டீகளா?"

"கேட்டேன்."

"என்ன செய்யப் போறீக?"

"சீசன் முடியட்டும். வேலுச்சாமி அண்ணாச்சிட்ட பக்குவமாச் சொல்லி அவளத் திரும்பச் சேத்துவிடச் சொல்றேன்."

"சீசன் முடிஞ்ச பெறகு அவளுக்கு எதுக்கு வேல? கார்த்திகைக்கு வெளக்கேத்தவா?"

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"இன்னொண்ணு. போன தடவ வயிறு மோசமானப்ப கால்ல செவப்புச் செவப்பாக் கட்டி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? இப்ப வயிறு மோசமாகி ஒரு மாசம் ஆகுது, கால்லயும் வந்திருக்கு. ரெண்டும் சோடி போட்டுக்கிட்டுத்தான் வருது. எனக்கென்னமோ..."

"உனக்கென்ன, நீ டாக்டருக்குப் படிச்சியாக்கும்?"

"நான் படிக்கல. ஆனா படிச்சவுகட்ட நீங்க சொல்லவும் இல்லையே."

"சத்தியம் பண்ணிருக்க சித்திகா."

"பண்ணுனேன். வயித்த மறைக்கத்தான் பண்ணுனேன். காலக் குடுக்குறேன்னா பண்ணுனேன்?"

மதுரையில் ஒரு தோல் டாக்டர் இருப்பதாகவும், அறுக்கும் முன்னால் அவரிடமும் ஒருமுறை காட்டிவிடலாம் என்றும் சொல்லி வேலுச்சாமி மறுநாள் காலையிலேயே காரோடு வந்து நின்றார். கம்பெனி முதலாளியே கார் கொடுத்தாராம். யூசுப் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "பாய், என் புஸ்வாணத்தால ஒரு மனுசனுக்குக் கால் போச்சுன்னு இருந்தா நான் நாளைக்கு எப்படிப் பாய் கம்பெனிக்குள்ள நொளையிறது?" என்று வேலுச்சாமி கையைப் பிடித்துக்கொண்டதில் அவரால் அசைய முடியவில்லை.

டாக்டர் கீர்த்திகாவுக்கு வயது அதிகம் இருக்காது. புண்ணைக் கையால் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அந்த ஊதா ஓரத்தில் விளக்கை அடித்துப் பார்த்தார்.

"இதை யார் சுரண்டுனது?"

"நான்தான் கூட்டிட்டுப் போனேங்க" என்று வேலுச்சாமி குற்றவாளி மாதிரி எழுந்து நின்றார். "இது புஸ்வாணத் தீங்க. எங்க கம்பெனிச் சரக்குதான். மருந்து கொஞ்சம் கூடிப்போச்சு. கூடுச்சுன்னா என்ன ஆகும்னா, கூம்பு பாதி எரியுறப்பவே—"

"நீங்க உக்காருங்க." டாக்டர் யூசுப் பக்கம் திரும்பினார். "உங்க வயிறு எப்படி இருக்கு?"

யூசுப் நிமிர்ந்தார். "வயித்துக்கு என்ன டாக்டர், நான் பரோட்டாக் கடை வச்சிருக்கேன்."

"அதைக் கேக்கல. அடிக்கடி வெளிக்குப் போகுதா? அதுல ரத்தம் வருதா?"

யூசுப் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். அப்படி ஒரு விசிறியை அதுவரை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்பது போலப் பார்த்தார்.

"டாக்டரம்மா, காலப் பாருங்கன்னு வந்தா நீங்க..." என்று வேலுச்சாமி ஆரம்பித்தார்.

"வருது டாக்டர்!" என்றாள் சித்திகா. சொன்ன பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. "ரத்தமா வருது. ரெண்டு வருசமா வருது. கொடலெல்லாம் புண்ணுன்னு இதே மதுரையில பாத்துச் சொன்னாக. மாத்திர குடுத்தாக. இவுக அத ஏலக்கா டப்பாக்குள்ள போட்டு மூடிட்டு, தெனம் ஊரு பாக்கப் பரோட்டா தின்னாக. புஸ்வாணமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கடை பெஞ்சுல இடிச்சுக்கிட்டாக. போன தடவயும் கால்ல கட்டி வந்துச்சு, அதையும் சொல்லல. இனி நீங்க என்னைய ஏசுறதுன்னாலும் ஏசுங்க, இவுக காலு மட்டும் இருக்கட்டும்."

டாக்டர் ஏசவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டார்.

"இதை மொத நாளே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. குடல்ல இருக்குற அதே கோளாறு சில பேருக்குத் தோல்லயும் வரும். போன தடவை கட்டியா வந்திருக்கு, இப்பப் புண்ணா வந்திருக்கு. லேசா இடிச்சாலும் போதும், கெளம்பிரும். இது தீயும் இல்ல, அழுகலும் இல்ல. சுரண்டச் சுரண்டப் பெருசாகும். வேற ஏதும் இல்லன்னு உறுதி பண்ண ஓரத்துல துளி எடுத்து டெஸ்ட் பண்ணணும், அவ்வளவுதான். இனி கத்தி வேணாம். மாத்திரையில பாக்கலாம். குடல் டாக்டரையும் சேத்துப் பாக்கணும். குடல் அடங்கினா இதுவும் அடங்குறதுக்கு வாய்ப்பு இருக்கு."

"கால்?" என்று சித்திகா கேட்டாள்.

"ஆற நாள் ஆகும். தழும்பும் விழும். ஆனா காலை எடுக்குற பேச்சு இப்ப வேணாம்." பிறகு யூசுப்பிடம் கேட்டார்: "ஏங்க, யாருமே கேக்கலையா? நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"காலுக்குத்தான டாக்டர் போனோம்" என்றார் யூசுப் பரிதாபமாக.

வேலுச்சாமி கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து சித்திகாவைப் பார்த்தார்.

"பாயம்மா. அப்ப அந்தப் புஸ்வாணம்?"

"தங்கமா எரிஞ்சுச்சு அண்ணே. பின்கட்டுல நான்தான் கொளுத்துனேன். இவுக எட்ட நின்னு கை தட்டுனாக."

வேலுச்சாமி எழுந்தார். யூசுப்பை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் தேவலை. வெளியே வராந்தாவுக்குப் போய் போனை எடுத்தார். பட்டாசுக் கம்பெனியில் ஒரு ஷெட்டுக்கும் இன்னொரு ஷெட்டுக்கும் நடுவே நிறைய இடம் விட்டிருப்பார்கள். அங்கிருந்து இங்கே கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது.

"ஏலே! லோட ஏத்துங்கலே! ஆமா, புஸ்வாணந்தான்! நம்ம சரக்குல ஒரு குத்தமும் இல்லலே! மாரித்தாயி வீட்டுக்கு ஆள் அனுப்பு, நாளைக்கே வரச் சொல்லு! என்னது? கால்ல எப்படிப் புண்ணு வந்துச்சா? பாய்க்கு வயித்துக் கோளாறாம்லே! கொடலெல்லாம் புண்ணாம்! ஆமாலே, பரோட்டாக் கடைப் பாய்தான்! ரெண்டு வருசமா ரத்தமாப் போவுதாம்!"

உள்ளே யூசுப் கண்களை இறுக மூடிக்கொண்டார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லோரும் கதவைப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது வேலுச்சாமி முன்சீட்டில் உட்கார்ந்து, யூசுப்போடு ஒரு வார்த்தை பேசவில்லை. "பாயம்மா, அவர்ட்ட கார் ஏசி போதுமான்னு கேளுங்க" என்பார். யூசுப் பின்னால் ஒரு கை தூரத்தில்தான் இருந்தார். "போதும்னு சொல்லு சித்திகா" என்பார் அவர். திருமங்கலம் தாண்டும்வரை இப்படியே வந்தார்கள். அதற்கப்புறம் கேட்கவும் ஒன்றும் இல்லை.

யூசுப்புக்குத் தன் கடை கண்முன்னால் தெரிந்தது: காலிப் பெஞ்சு, ஆறிப்போன கல், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பாண்டிராஜ். மதுரையிலிருந்து விருதுநகருக்குக் கார் வருவதற்குள் அந்தச் செய்தி அச்சங்குளம் போய், சாத்தூர் போய், திரும்பவும் பஸ் ஏறி விருதுநகருக்கு வந்துவிட்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அத்தா கட்டிக் காத்த பேர், ஒரு போன்காலில் போய்விட்டது.

கார் வந்து நின்றபோது கடையில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டும் ஆட்கள் இருந்தார்கள்.

"வயித்துல புண்ண வச்சுக்கிட்டே தெனமும் மொதப் பரோட்டா தின்னுருக்காரு மனுசன். எம்புட்டு ருசியா இருந்தா அப்படித் தின்னுருப்பாரு!" என்று ஒருத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வியாதிக்காரரே தின்னுட்டு நடமாடுறாரு. நமக்கு என்ன வந்துரப் போவுது? பாய் வந்து மொதப் பரோட்டாவத் தின்னதும் எனக்கு மூணு போடுப்பா" என்றார் எதிரே இருந்தவர்.

"ஒட்டுற வியாதி இல்லையாம்ல. எங்க சித்தப்பாவுக்குக்கூட இருக்கு. அவரு பேங்குல வேல பாக்காரு."

யூசுப் காரிலிருந்து இறங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ ஏமாற்றம்தான்.

"இம்புட்டுத்தானா சித்திகா?" என்றார். "ரெண்டு வருசம் மறைச்சுருக்கேன். ஒருத்தனாவது அதிர வேணாமா?"

ஆனாலும் சிக்கல் தீரவில்லை. சில நாள் கழித்துத்தான் அது தெரிந்தது. புது மாத்திரைகள் தொடங்கியிருந்தன. வயிறு அடங்குகிற வரைக்கும் எண்ணெயும் மசாலாவும் ஆகாது என்று குடல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தச் சாயங்காலம் யூசுப் முன்மேசையில், பக்கத்து முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இட்லியோடு உட்கார்ந்தார். பாண்டிராஜ் பழக்கத்தில் முதல் பரோட்டாவைக் கொண்டுவந்து இலையில் வைத்துவிட்டு நின்றான். கடை நிறைய ஆட்கள். யாரும் ஆர்டர் சொல்லவில்லை. எல்லோரும் அந்தப் பரோட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாராவது தின்னு தொடங்கி வைங்கப்பா" என்றார் யூசுப்.

"கடைக்காரக தின்னாத்தான பாய் கணக்கு?" என்றது ஒரு குரல்.

"நான் திங்கேன்" என்றான் பாண்டிராஜ்.

"ஏலே, போட்டவனே தின்னா அது பரீட்சையாலே?"

பரோட்டா ஆறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் வியாபாரமும் சேர்ந்து ஆறிவிடும். கடைக்கும் பின்கட்டுக்கும் நடுவிலுள்ள கதவருகே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த சித்திகாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போதுதான் வேலுச்சாமியும் மாரித்தாயும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார்கள். வேலுச்சாமி யூசுப்பைப் பார்க்காமல் கல்லாவுக்கு மேலே தொங்குகிற காலண்டரைப் பார்த்தபடி நின்றார். மாரித்தாய் நேரே முன்மேசைக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, குனிந்து, யூசுப்பின் காலைப் பார்த்தாள். கட்டுக்கு மேலே தெரிந்த தோலை நன்றாகப் பார்த்தாள்.

"இதுதானா?" என்றாள். "இது என்னுது இல்லன்னு கண்ணால பாக்கணும்னுதான் வந்தேன்."

யூசுப் இட்லியை அப்படியே வைத்துவிட்டார். "தாயி, என்னைய மன்னிச்சுரு. வாயத் தொறந்து சொல்லாட்டியும் தலைய ஆட்டுனது நாந்தான்."

"தலைய ஆட்டுறதுக்கு முன்னால நாலும் யோசிக்க வேணாமா பாய்? என் கையவே நான் நம்பாம இருந்தேன்."

சித்திகா கதவை விட்டு வெளியே வந்தாள். அத்தனை ஆண்களுக்கு நடுவே அவள் அந்தக் கடைக்குள் வந்து நின்றது அதுவே முதல் தடவை. "உக்காரு மாரித்தாயி. மொதப் பரோட்டா இன்னைக்கு நீ சாப்புடு. எங்க கடையில அத யாருக்கும் குடுத்ததில்ல."

மாரித்தாய் இலையைப் பார்த்தாள். "சீசன்ல என்னைய வீட்ல உக்கார வச்சதுக்கு ஒத்தப் பரோட்டாவா? அதுவும் ஆறிப்போனது."

கடையே சிரித்தது. காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த வேலுச்சாமிக்கும் முதுகு குலுங்கியது.

"ஏலே பாண்டி, சுடச்சுட நாலு போடு" என்றாள் சித்திகா.

"நான் ஒத்தையா உக்காந்தா எல்லாவனும் என் வாயவே பாப்பான். நீங்களும் உக்காருங்க பாயம்மா."

சித்திகா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பாண்டிராஜ் கொண்டுவந்து போட்டான். மாரித்தாய் சால்னாவை ஊற்றி, பிய்த்து, வாயில் போட்டு, அவசரமில்லாமல் மென்றாள். கடை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாண்டிராஜ் கரண்டியை ஓங்கியபடி நின்றான்.

"பரோட்டா ஏ-ஒன்" என்றாள் மாரித்தாய். "சால்னாவுலதான் உப்பு பத்தல."

"உப்பு பத்தலையா? என் சால்னாவுலயா?" என்று பாண்டிராஜ் எகிறினான்.

"ஒரு சிட்டிகை. அளவு எனக்குத் தெரியும்லே."

"எனக்கு ரெண்டு" என்றார் பின்பெஞ்சில் ஒருத்தர். "இங்கன மூணு" என்றது இன்னொரு குரல். கடை கிளம்பிவிட்டது.

சித்திகா அப்போதுதான் முதல் வாயைக் கடித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் தின்றதெல்லாம் பார்சலில் வருகிற பரோட்டாதான். இலைக்குள் வெந்து துவண்டு, ஆறிப்போய் வரும். கல்லிலிருந்து எடுத்த கையோடு தின்றால் பல்லுக்கு நடுவே மொறுமொறுவென்று சத்தம் வரும் என்பது அவளுக்குத் தெரியாது. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ஏங்க, இத்தன வருசமா இத ஒத்தையா உக்காந்தா தின்னீக?"

யூசுப் தன் இட்லியைப் பார்த்தார். "அதுல ஒண்ணயாவது நிம்மதியாத் தின்னேனான்னு கேளு."

வேலுச்சாமி காலண்டரை விட்டு ஒருவழியாகத் திரும்பி, சித்திகாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.

"பாயம்மா, அவர்ட்டச் சொல்லுங்க. தீபாவளிக்கு ஒரு பெட்டி புஸ்வாணம் குடுத்துவிடுறேன். கொளுத்துறப்ப அவரு மட்டும் சாத்தூர்ல போய் நிக்கட்டும்."

"சரின்னு சொல்லு சித்திகா" என்றார் யூசுப்.